கை போகும் அளவு

அந்தக் காரில் எதையும் மாற்றவில்லை என்றுதான் அவன் பார்ப்பவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். "எல்லாம் கம்பெனியில வந்தபடியேதான் இருக்கு. டர்போவை மட்டும் லேசா ஏத்தி விட்டிருக்கேன்" என்பான். அந்த 'லேசா'வுக்குள் எவ்வளவு அடங்கும் என்பது அவன் மனைவிக்கு மட்டுமே தெரியும். புகைக்குழாய் லேசாக மாறியது. காற்று வடிகட்டி லேசாக மாறியது. கூடத்துக்கு ஒரு சோபா வாங்கலாம் என்ற யோசனை லேசாகத் தள்ளிப்போய், கடைசியில் அப்படி ஒரு யோசனை இருந்ததே மறந்துபோனது.

வாரம் முழுக்க அவனுக்குப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் வேலை. நாற்பதுக்கு மேல் போகவிடாமல் பூட்டுப் போட்ட என்ஜின், முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டிப் பிள்ளைகளின் கூச்சல். அப்படிப்பட்ட மனிதன் விடுமுறை நாளில் கொஞ்சம் பறக்க ஆசைப்பட்டால் என்ன தப்பு என்று அவளே பலமுறை அவனுக்காகப் பரிந்து பேசியிருக்கிறாள். பேசிப் பேசித்தான் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறாள். நிற்கிறாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கார் கொட்டகையில், பின் சீட்டைக் கழற்றியதும் தெரிந்த தகரத்தின் மேல் மண்டியிட்டு, வலது கையை முழங்கைவரை பெட்ரோல் டேங்குக்குள் விட்டுக்கொண்டு கிடக்கிறாள். கை வெளியே வரமாட்டேன் என்கிறது.

விஷயம் இதுதான். காற்றைத் திணிக்கும் டர்போவை ஏற்றிவிட்டதும் என்ஜின் கூடுதலாகக் காற்றை விழுங்க ஆரம்பித்தது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். பழைய பம்பால் அவ்வளவு தள்ள முடியவில்லை. மேட்டுச் சாலையில் மிதித்து ஓட்டினால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி இருமியது. "பெட்ரோல் பத்தலைன்னா என்ஜின் உள்ளுக்குள்ளேயே வெந்துடும்மா. பிஸ்டன் ஓட்டையாயிடும்" என்று சாப்பாட்டு மேசையில் அவன் சொன்னபோது, பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட கவலை அவன் முகத்தில் இருந்தது. கொஞ்ச நாளில் பார்சலில் ஒரு பெரிய பம்ப் வந்து இறங்கியது. அதை மாட்டத்தான் இன்றைக்கு இந்தக் கூத்து.

பம்ப் இருப்பது டேங்குக்குள்ளே, அடியில் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில். டேங்கும் பிளாஸ்டிக்தான், அதன் வாயோ சின்னது. ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்து உலக்கையாகிப்போன அவன் கை விரல்களோடு நின்றுவிடும். அவள் கை போகும். கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடிக்கப்பட்ட உண்மை இது. என்ஜினுக்குப் பின்னால் விழுந்த நட்டு, டாஷ்போர்டுக்குள் சிக்கிய ஒயர், எதுவானாலும் "கொஞ்சம் வாம்மா, உன் கைதான் போகும்" என்று குரல் வரும். ஆரம்பத்தில் அவளுக்கு அதில் பெருமைகூட இருந்தது. புருஷனுக்கு உதவியாக இருக்கிறோம் என்று யாருக்குத்தான் இருக்காது? போகப்போக, ஸ்பானர் பெட்டிக்குள் வைக்க முடியாததால் மட்டும் வெளியே நடமாடும் ஒரு சாமானாகத் தன்னை அவள் நினைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

அந்தக் கைக்குச் சொந்தத் தொழில் ஒன்று உண்டு. பல் கட்டும் லேப் ஒன்றில் அவள் பீங்கான் பற்கள் செய்கிறாள். கடைவாய்ப் பல்லின் மேட்டையும் பள்ளத்தையும் மெல்லிய தூரிகையால் அவள் தீட்டி எடுத்தால், வைத்துக்கொண்டவர் நாக்கே ஏமாந்துபோகும். வேறு ஊரில் பெரிய லேப் நடத்தும் ஒரு மேடம் அவள் வேலையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். பீங்கான் பிரிவு முழுவதற்கும் பொறுப்பு. தங்குவதற்கு ஓர் அறை. "ஞாயித்துக்கிழமை மதியத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதுக்கு மேல என்னால இடத்தைப் பிடிச்சு வைக்க முடியாது" என்றும் சொல்லியிருந்தார். இன்றைக்குத்தான் அந்த ஞாயிறு.

அவளுக்குப் போக வேண்டும். வேலைக்காக மட்டும் இல்லை. போனால் திரும்பி வரமாட்டாள் என்பது அவளுக்கே தெரியும். அதனால்தான் சொல்ல வாய் வரவில்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! குடி கிடையாது. கை ஓங்கியது கிடையாது. அவளுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். உனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் பக்கத்தில் இருக்கிறாள், எப்போதும் இருப்பாள் என்ற நிம்மதியில் அவனுக்கு அந்தக் கேள்வியே தோன்றியதில்லை. அந்த நிம்மதிதான் அவளுக்கு மூச்சு முட்டியது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். தங்கமான புருஷன், உனக்குக் கொழுப்பு என்பார்கள்.

காலையில் சொல்லிவிடுவது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் கொட்டகைக்கு வந்தாள். "நல்லவேளை, நீயே வந்துட்ட. ஒரே ஒரு நிமிஷ வேலைம்மா" என்றான் அவன். பாட்டரியைக் கழற்றி, டேங்கை வற்றவைத்து, பழைய பம்பையும் ஏற்கனவே வெளியே எடுத்திருந்தான். எடுக்கும்போது பம்பின் காலில் இருந்த சல்லடை முறிந்து, கிண்ணத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

"அதை மட்டும் எடுத்துக் குடுத்துடு. மீதியை நான் பார்த்துக்கறேன். டேங்க்ல உரசாம எடு, டேங்க் உடைஞ்சா வேற கிடைக்காது. கம்பெனிக்காரன் செய்யறதையே நிறுத்திட்டான்."

எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று அவளும் கையை விட்டாள். கிண்ணத்தின் விளிம்பில், பம்ப் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள உள்பக்கமாகச் சாய்ந்த நாலு பிளாஸ்டிக் கொக்கிகள் உண்டு. கை உள்ளே போகும்போது அவை நல்ல பிள்ளைகளாக வழிவிட்டன. வெளியே இழுத்தபோது விரல் முட்டிகளுக்குப் பின்னால் குத்திக்கொண்டு நின்றன. ஊரில் பாதிப் பேருக்குப் பல் செய்து கொடுத்த கையை இப்படி நாலு பற்கள் கவ்விக்கொண்டன.

"சல்லடையை விட்டுட்டு இழும்மா."

"அதை எப்பவோ விட்டாச்சுங்க. கைதான் வரலை."

அவன் கிரீஸைக் குழைத்து முழங்கையிலிருந்து கீழே வழியவிட்டான். வரவில்லை. இழுக்க இழுக்கக் கொக்கி ஆழமாக இறங்கியது. அடியில் கொஞ்சம் தேங்கியிருந்த பெட்ரோல் முதலில் ஜில்லென்று இருந்தது, பிறகு குத்திய இடத்தில் எரிய ஆரம்பித்தது. கை வீங்குவது அவளுக்கே தெரிந்தது. பெட்ரோல் வாடையில் தலை கிறுகிறுத்தது. கன்னத்தைத் தகரத்தில் சாய்த்துக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் காரின் கூரையும், திறந்த கதவு வழியாக அவன் செருப்பும்தான் தெரிந்தன.

அப்போது, கொட்டகை மூலையில் ஸ்டூல் மேல் வைத்திருந்த அவள் போன் அடித்தது.

அவன் ஓடிப்போய் எட்டிப் பார்த்தான். "லேப் மேடம்னு வருதும்மா. ஸ்பீக்கர்ல போடட்டுமா? அங்கிருந்தே பேசிடு."

அவள் தகரத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். "வேண்டாம்! கட் பண்ணிடுங்க!"

அவன் கட் பண்ணினான். எந்த மேடம், என்ன விஷயம் என்று ஒரு கேள்வி இல்லை. "ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டாங்களா உங்க லேப்ல" என்று அவளுக்காகச் சலித்துக்கொண்டு திரும்பி வந்தான். அவள் இப்போது வேலை பார்க்கும் லேப் என்றே அவன் நினைத்தான். அந்த ஒரு கேள்வியைக் கேட்டுத் தொலைத்திருந்தால், கை உள்ளே இருக்கிறதோ வெளியே இருக்கிறதோ, அவள் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள்.

கூரையைப் பார்த்துக்கொண்டே அவள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். கையை எடுக்க ஒரே வழிதான் இருக்கிறது. டேங்கின் வாயை அறுத்து அகலமாக்கி, இன்னொரு கையை விட்டுக் கொக்கிகளை உடைக்க வேண்டும். டேங்கை அறுத்தால் டேங்க் போச்சு. வேறு கிடைக்காது, ஆகவே காரும் போச்சு. அதை அவனிடம் சொல்வேன். அவன் ஒரு கணம், ஒரே ஒரு கணம், என் முகத்தை விட்டுவிட்டு டேங்கைப் பார்த்தால் போதும். கொஞ்சம் பொறு, வேறு வழி பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கை வந்ததும் எழுந்து போய்விடுவேன். அதற்குப் பிறகு யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. நானே என்னைக் குறை சொல்ல முடியாது. வலி உயிர் போகும் அந்த நிலையிலும் இப்படி யோசித்ததும் அவளுக்கு ஒரு தெம்பு வந்தது. அவனை அவளுக்குத் தெரியும். இந்தக் காருக்குக் கீறல் விழுந்தால் இரண்டு வேளை சாப்பிடாதவன் அவன்.

"என்னங்க" என்றாள். "வேற வழி இல்ல. டேங்கை..."

கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. அவள் சொல்லி முடிக்கவில்லை. அவன் கத்தியோடு காருக்குள் ஏறி, டேங்கின் வாயை அறுக்க ஆரம்பித்திருந்தான்.

"அசையாம இரும்மா. மெஷின்ல அறுத்தா பொறி பறக்கும், அதான் கையாலேயே அறுக்கறேன். ரொம்ப எரியுதா? இதோ, இதோ ஆச்சு."

டேங்கை ஒரு தடவைகூட அவன் பார்க்கவில்லை. அறுப்பது அவள் தோல் பக்கம் போய்விடக்கூடாது என்று அவள் கையையே பார்த்துக்கொண்டு அறுத்ததில் தன் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டான், அதையும் பார்க்கவில்லை. தடித்த பிளாஸ்டிக் சுருள் சுருளாக உள்ளே விழுந்தது. இரண்டு விரல் நுழைய இடம் கிடைத்ததும் இடுக்கியை உள்ளே நுழைத்து ஒவ்வொரு கொக்கியாக உடைத்தான். நாலாவது உடைந்ததும் கை தானாக மேலே வந்தது.

கொட்டகைக்கு வெளியே குழாயடியில் உட்காரவைத்துச் சோப்புப் போட்டுக் கழுவினான். கழுவிக்கொண்டே அழுதான். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். உன் கை என்ன கை! அதைப் போய் இதுக்குள்ள விடச் சொன்னேன் பாரு" என்றான்.

"டேங்க் போச்சே" என்றாள் அவள். ஏதாவது ஒரு பெருமூச்சு வராதா என்று கடைசியாக ஒரு நப்பாசை.

"அது கிடக்கு கழுதை" என்றான். நிஜமாகவே அப்படித்தான் சொன்னான். மருந்து எடுத்துவர வீட்டுக்குள் ஓடினான்.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அறுத்துவிட்டானே! ஒரு நொடி யோசித்திருக்கக் கூடாதா? விரலை நீட்டி மடக்கிப் பார்த்தாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை, நாலு காயம், கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். ஆனால் உடம்பு அந்த இடத்தை விட்டு எழவில்லை. இவனிடம் எதைச் சொல்லிவிட்டுப் போவது?

வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. எழுந்து போய் ஸ்டூலில் இருந்த போனை இடது கையால் எடுத்து, மேடத்தை அழைத்தாள்.

"உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார் மேடம். "வர்றீங்கதானே?"

"மேடம்... கையில அடிபட்டுடுச்சு."

"அய்யோ! பெரிய அடியா? சரி, ஆறட்டும். ஆறினதும் வாங்க. நீங்க வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அதுவரைக்கும் நான் வச்சிருக்கேன்."

கிடைத்த ஒரு சாக்கும் கைநழுவிப் போனது. இனி வருகிறேன் அல்லது வரவில்லை, இரண்டில் ஒன்றை அவளே சொல்லியாக வேண்டும். அதற்குள் அவன் வந்துவிட்டான். கையில் மருந்தும், ஒரு நூல்கண்டும். அவள் போனில் இருப்பதைப் பார்த்து, "நீ பேசு, பேசு" என்று சைகை காட்டிவிட்டு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, காயத்தில் மருந்து தடவினான். பிறகு நூலைப் பிரித்து, அவள் கையின் மிகப் பருத்த இடத்தில், கட்டைவிரலின் அடிமேட்டைச் சேர்த்து, மெதுவாகச் சுற்றினான். ரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தணித்துக்கொண்டான்.

"அலுமினியத்துல டேங்க் செஞ்சு தர்ற ஆள் ஒருத்தர் இருக்காரும்மா. வாயை எந்த அளவுல கேட்டாலும் வச்சுத் தருவாராம். உன் கை தாராளமா போய் வர்ற மாதிரி வச்சுடலாம். இனிமே மாட்டவே மாட்டாது, பாரேன்."

சொல்லிவிட்டு அவளை அண்ணாந்து பார்த்தான். கண் இன்னும் சிவந்திருந்தது. கட்டைவிரலில் சுற்றிய துணியில் ரத்தம் ஊறியிருந்தது. முகமோ, அவளுக்குப் பெரிய பரிசு ஒன்று வாங்கி வந்தவனின் முகம்.

"ஹலோ?" என்றார் மேடம். "இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்" என்றாள். "நீங்க... வேற ஆளைப் பார்த்துக்கோங்க."

"என்னம்மா, ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டான் அவன்.

"ஒண்ணுமில்ல. நீங்க அளந்து முடிங்க."

அவன் நூலில் முடிச்சுப் போடப் போய், சந்தேகம் வந்து நிறுத்தினான். "வீக்கத்தோட அளந்தா தப்பா வருமோ? சரி, கொஞ்சம் கூடுதலாவே இருக்கட்டும். கட்டைவிரலை உள்ள மடக்கிக்கோ, உள்ள விடும்போது எப்படி மடக்குவியோ அப்படி."

அவள் கட்டைவிரலை உள்ளே மடக்கி, நூல் நழுவாமல் இருக்கக் கையை ஆடாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.