ஐந்தாம் பட்டன்

பதினோரு மணிக்கு, ஸ்கேன் சென்டரில் அன்றைய பதினெட்டாவது ரிப்போர்ட்டை பிரின்ட் எடுத்தபோதுதான் டைப்பிஸ்ட்டின் கண்ணில் அந்த வரி பட்டது: 'கவலைப்படும்படி எதுவும் இல்லை.' அப்படி எழுத வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லி இரண்டு மாதமாகிறது.

கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கீபேடு. ஒன்பது பட்டன், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம். மணிக்கட்டு வீங்கி வேலையையே விட இருந்தவளுக்கு, கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பி வாங்கித் தந்தது. முதலில் வாக்கியங்களைக் கீபேடின் சொந்த மெமரியிலேயே ஏற்றிக் கொடுத்தான். பிறகு டாக்டரம்மா அடிக்கடி வாக்கியத்தை மாற்ற ஆரம்பித்ததும், மாற்றச் சுலபமாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு சாப்ட்வேரில் வைத்தான். அதுவரை 'கவலைப்படும்படி எதுவும் இல்லை' என்றிருந்த ஐந்தாம் பட்டன் அன்றிலிருந்து, 'திசு எடுத்துச் சோதிக்க வேண்டும்.'

காலையில் கம்ப்யூட்டர் தானாக அப்டேட் ஆகி எழுந்திருந்தது. சாப்ட்வேர் திறக்கவில்லை. அது இல்லையென்றதும் கீபேடு சும்மா இருக்கவில்லை; உள்ளே கிடந்த பழைய வாக்கியங்களைக் கக்கியிருக்கிறது. மற்ற எட்டுப் பட்டனிலும் பெரிய மாற்றமில்லாததால் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பட்டனை அழுத்தும்போதே அவள் கை அடுத்த ஃபைலுக்குப் போய்விடும்.

பழைய வரி விழுந்தவை இன்னும் இரண்டு. ஒன்று கவுன்ட்டர் தட்டிலேயே இருந்தது. மற்றது போய்விட்டது.

"அந்த பஸ் கண்டக்டர் அம்மாதானே? பத்து மணிக்கே வாங்கிட்டாங்க. சிரிச்சுக்கிட்டே போனாங்க" என்றார் கவுன்ட்டர்காரர்.

டைப்பிஸ்ட் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். பிறகு டாக்டரம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டின் நகலைக் கடைசி வரிவரை படித்தார். "கீழே என் கையெழுத்துதான் இருக்கு" என்றார். "நீ அடிச்சா சரியா இருக்கும்னு படிக்காமலே போட்டிருக்கேன்."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது டைப்பிஸ்ட்டுக்கு.

டாக்டரம்மாவும் அவளோடு டைப் மேஜைக்கு வந்தார்; கூப்பிட்டனுப்பிய தம்பி மூச்சிரைக்க மாடியேறி வந்தான். "அக்கா, இனிமே வம்பே வேணாம். புது வாக்கியத்தை எல்லாம் மெமரியிலயே ஏத்திடறேன். சாப்ட்வேர் செத்தாலும் இது பேசும்."

"பேசினதுதான்டா வினை. டாக்டர் அடுத்த மாசம் இன்னொரு தடவை மாத்துவாங்க. நீ கடையில வியாபாரத்தைப் பாத்துக்கிட்டு, 'இதோ வரேன், இதோ வரேன்'னு நாலு நாள் இழுப்பே."

"சரி, சாப்ட்வேரே இருக்கட்டும். அது தானா திறக்கற மாதிரி பண்ணிடறேன்."

"இன்னைக்கும் தானா திறக்கும்னுதானே நினைச்சேன்? சாப்ட்வேர் இருக்கட்டும். ஆனா மெமரியைச் சுத்தமா துடைச்சிடு. சாப்ட்வேர் ஓடலைன்னா பட்டனை அழுத்தினா ஒரு எழுத்துகூட விழக்கூடாது."

"வேலை நின்னுடுமேக்கா."

"நிக்கட்டும்."

அவன் கீபேடைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

போன் அடித்தது. டாக்டரம்மா கையை நீட்டினார். டைப்பிஸ்ட் கொடுக்கவில்லை.

"கூப்பிட்டிருந்தீங்களா மேடம்? வண்டியில கூட்டம், காதுல விழலை" என்றது குரல். பின்னால் இன்ஜின் உறுமியது. "மூணு வாரமா தூக்கமில்லை எனக்கு. ரிப்போர்ட்டைப் படிச்சதும் டிரைவர்கிட்டகூட காட்டிட்டேன், போங்க!"

"அம்மா, அதுல கடைசி வரி தப்பு" என்றாள் டைப்பிஸ்ட். "நான் அடிச்ச தப்பு. உங்களுக்கு இன்னொரு டெஸ்ட் எடுக்கணும். இன்னைக்கே வாங்க. டாக்டர் பக்கத்துலயே இருக்காங்க, பேசுவாங்க."

போனில் யாரோ சில்லறை கேட்டார்கள். எங்கேயோ ஒரு குழந்தை அழுதது.

பிறகு, போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கண்டக்டர் யாரிடமோ சொல்வது கேட்டது: "அண்ணே, வண்டியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."