அழுத்தம் போதவில்லை

நம்பெவே சிஸ்டரின் கைகள் எங்கள் குழந்தைகள் வார்டில் பேர் போனவை. நாங்கள் நாலு இடத்தில் குத்தியும் கிடைக்காத நரம்பு அவருக்கு ஒரே குத்தில் கிடைக்கும். ஏரிக்கரை ஊர்களிலிருந்து வரும் தாய்மார்கள், "பெரிய சிஸ்டர் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெஞ்சில் உட்காருவார்கள்.

அப்படிப்பட்டவரைப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் பொம்மை, "அழுத்தம் போதவில்லை" என்றது.

பொம்மையைக் கொண்டுவந்தவர் வெஸி. வடக்கே ம்ஸூஸூ நகரப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த இளம் கிளினிக்கல் ஆபீசர். முழு டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் வெஸி மாதிரி ஆட்கள்தான் டாக்டர். வந்த மாதமே, குழந்தையின் நின்றுபோன இதயத்தை அழுத்தி ஓட்டுவதற்கு எல்லோருக்கும் பயிற்சி என்று அறிவித்துவிட்டார். பொம்மையோடு உள்ளங்கை அளவில் ஒரு வட்டத் தகடு. அதை நெஞ்சின் மேல் வைத்து அழுத்தினால், சரியாக அழுத்தும்போது பச்சை விளக்கு எரியும். ஆழம் குறைந்தால் சிவப்பு. கூடவே ஒரு பெண் குரல் இங்கிலீஷில் திட்டும். பழைய பொருள் போட்டு வைக்கும் அறையில் பொம்மையைக் கிடத்தி, ஒவ்வொருவராக அதன் முன் மண்டியிட்டோம்.

"ஊர்த் தலைவர் முன்னாடி கூட நான் இவ்வளவு நேரம் மண்டி போட்டதில்ல" என்றாள் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் பிரிஸ்கா. அன்றிலிருந்து பொம்மைக்குப் பெயர் 'தலைவர்'.

எனக்கும் சிவப்பு, பிரிஸ்காவுக்கும் சிவப்பு. வெஸி சிரித்தார். "கவலைப்படாதீங்க. முதல் தடவை இது என்னைத் திட்டின திட்டுல எனக்குக் காய்ச்சலே வந்துடுச்சு."

நம்பெவே சிஸ்டருக்குத் தகடு முழுக்கச் சிவப்பாகவே இருந்தது. அந்தக் குரல் ஓயவே இல்லை. அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஏம்ப்பா, இந்தப் பொம்மை எத்தனை புள்ளையைப் பெத்திருக்கு?"

"பெத்ததில்ல சிஸ்டர். ஆனா ஆழத்தை அளக்கும். நெஞ்சுக்கூட்டோட தடிமன்ல மூணுல ஒரு பங்கு உள்ள போகணும். அப்பதான் ரத்தம் மூளைக்கு ஏறும்."

"அவ்வளவு அழுத்தினா புள்ளை நொறுங்கிடும்." அவர் போய்விட்டார்.

காரணம் எங்களுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஆஸ்பத்திரியில், அவர் அழுத்தும்போது ஒரு குழந்தையின் விலா எலும்பு படக்கென்று ஒடிந்தது. பக்கத்தில் நின்ற தகப்பன், "கோழியை உடைக்கிற மாதிரி என் புள்ளையை உடைச்சிட்டியே" என்று கத்தினான். குழந்தை பிழைக்கவில்லை. டீ குடிக்கும் அறையில் ஒரு தடவை அவரே சொன்ன கதை. அந்தச் சத்தம் இன்னும் கைக்குள் இருக்கிறது என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

மழைக்காலம் பிறந்ததும் மலேரியாவும் வந்தது. அபிட்டி ஜஃபாலி என்ற மீன்காரப் பெண் தன் மூன்று வயது மகள் ஆசியாத்துவை முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். குழந்தையின் உள்ளங்கை காகிதம் போல வெளுத்திருந்தது. ரத்தம் ஏற்ற ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே, மதியச் சாப்பாட்டு வேளையில், ஆசியாத்துவின் மூச்சு நின்றது. நாடியும் நின்றது.

நம்பெவே சிஸ்டர்தான் முதலில் ஓடினார். நான் மூச்சுப் பையைப் பிடித்தேன். வெஸி தகட்டை நெஞ்சில் வைத்துவிட்டு மருந்து போட நரம்பைத் தேடினார். சிஸ்டர் அழுத்தத் தொடங்கியதும் தகடு பேச ஆரம்பித்தது. அழுத்தம் போதவில்லை. அழுத்தம் போதவில்லை. சுவரோரம் நின்றிருந்த அபிட்டி ஜஃபாலிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஏதோ திட்டுகிறது என்பது யாருக்கும் புரியும். சிஸ்டர் தகட்டைப் பிடுங்கி வீசினார். அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

"ஆழமா, சிஸ்டர்! ஆழமா!" என்றார் வெஸி.

"எனக்குத் தெரியும்!"

வெஸி ஊசியை முடித்துவிட்டு அவரை விலக்கித் தானே அழுத்தினார். ரத்தப் பை வந்தது, ஏற்றினோம். ஆசியாத்து திரும்பவில்லை.

மறுநாள் வெஸி எங்களை உட்காரவைத்தார். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் என்ன நடந்தது என்று பேச வேண்டும் என்பது பயிற்சியில் ஒரு பகுதி. தகடு தன் பங்குக்குப் பதிவு செய்து வைத்திருந்தது. தகட்டோடு இணைத்த திரையில் வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள். ஒன்றுகூடத் தொட வேண்டிய கோட்டைத் தொடவில்லை. அதற்குப் பிறகு வெறுமை. தகடு கட்டிலடியில் கிடந்த நேரம் அது.

"நான் கொன்னுட்டேன்னு சொல்றியா?" சிஸ்டரின் குரல் உடைந்திருந்தது.

"இல்ல சிஸ்டர். ரத்தமே இல்லாத புள்ளை. எவ்வளவு நல்லா அழுத்தியிருந்தாலும் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதுதான் இதுல கொடுமை."

"வடக்குக்காரங்களுக்குப் படிப்புத் திமிர்னு சொல்வாங்க. இப்பத்தான் பார்க்கிறேன்."

வெஸியின் முகம் சுருங்கியது. எங்களில் ஒருவரும் அவருக்காக வாய் திறக்கவில்லை. சிஸ்டர் நேரே மேட்ரனிடம் போனார். நர்சுகளை அவமானப்படுத்தும் கூட்டம் இனி வேண்டாம் என்று மேட்ரன் சொல்லிவிட்டார். தலைவரும் தகடும் அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டன. வார்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

இரண்டு வாரம் கழித்து அபிட்டி ஜஃபாலி வந்தாள். கையில் ஒரு கூடை நிறைய காயவைத்த உசிபா என்ற பொடி மீன். சிஸ்டரின் முன் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் கூடையை நீட்டினாள்.

"இது எதுக்கும்மா? எந்திரிங்க" என்றார் சிஸ்டர்.

"எங்க ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னேன் சிஸ்டர். அந்த ஆம்பளை டாக்டர் எப்படி முரட்டுத்தனமா அமுக்கினார்! நீங்கதான் என் புள்ளையை மெதுவாத் தொட்டீங்க. அவளுக்கு வலிக்காமத் தொட்டீங்க. சாகும்போது அவமேல ஒரு நல்ல கை இருந்துச்சு. அது போதும் எனக்கு."

சிஸ்டர் கூடையை வாங்கிக்கொண்டார். வாங்காமல் எப்படி இருப்பது? அவள் கேட் தாண்டும் வரை நின்று பார்த்தார். பிறகு கூடையை என் கையில் திணித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த மீனை அவர் தொடவே இல்லை. நாங்கள் மற்றவர்கள்தான் நசிமாவோடு, எங்கள் மக்காச்சோளக் களியோடு, சாப்பிட்டோம்.

மறுநாள் காலை அலமாரிச் சாவியைக் கேட்டார்.

"எலுபே, நீ கூட வா. கதவைச் சாத்து. யாருக்கும் சொல்லாதே."

முதல் நாள் அழுத்தினார், சிவப்பு. அடுத்த நாளும் சிவப்பு. தோள் வலி என்றார், முழங்கால் வலி என்றார், தகடு பழுது என்றார். ஒரு வாரம் போன பிறகு, "அந்தப் பையனைக் கூப்பிடு" என்றார். வெஸி வந்தார். பழசு எதையும் பேசவில்லை. கைகட்டி நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சிஸ்டர், நீங்க கண்ணை மூடிக்கிறீங்க."

அது உண்மை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும், உடையப் போகும் ஒன்றுக்குக் காத்திருப்பவரைப் போல அவர் கண்ணை இறுக்கிக்கொண்டிருந்தார். கை தானாகவே பாதியில் நின்றுவிடுகிறது.

"விலா எலும்பு ஒடியலாம்" என்றார் வெஸி. "ஒடிஞ்சா ஒட்டும். மூளை செத்தா ஒட்டாது. கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு அழுத்துங்க. முழங்கை மடங்காம, உங்க உடம்போட கனம் இறங்கட்டும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல எழும்ப விடுங்க. கை ஓஞ்சா உடனே ஆளை மாத்துங்க, அதுல வெட்கம் எதுவும் இல்ல."

அன்று முதல் தடவையாகப் பச்சை விளக்கு எரிந்தது. நான் கைதட்டப் போனேன். சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் கை அப்படியே நின்றுவிட்டது. அழுதுகொண்டே அவர் அழுத்திக்கொண்டிருந்தார்.

கூட்டங்கள் மறுபடி தொடங்கின. மேட்ரனிடம் போய்க் கேட்டது நம்பெவே சிஸ்டர்தான். ஏன் மனசு மாறியது என்று மேட்ரன் கேட்டதற்கு, "மனசு மாறல, கைதான் மாறிச்சு" என்றாராம்.

மழை முடியும் சமயத்தில் ஒரு சாயங்காலம், ஏரியில் மூழ்கிய ஐந்து வயதுப் பையனைச் சைக்கிள் டாக்சியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். பெயர் வியூலா. உடம்பு சில்லிட்டிருந்தது. வெஸி ஊரில் இல்லை. சிஸ்டர், "தகட்டை வை" என்றார். பிரிஸ்கா மூச்சுப் பையால் காற்றைச் செலுத்த, சிஸ்டர் அழுத்தினார். கண் திறந்திருந்தது. ஒரு கட்டத்தில் படக்கென்று சத்தம் கேட்டது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சிஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. அந்தக் குரல், "அழுத்தத்தைத் தொடரவும்" என்றது. அவர் தொடர்ந்தார். கை ஓய்ந்ததும், "எலுபே, நீ!" என்றார். நான் ஏறி அழுத்தினேன். பிறகு மறுபடி அவர். வெளியே பையனின் தாய் அலறிக்கொண்டிருந்தாள்.

நாடி திரும்பியது. முதலில் நான் நம்பவில்லை. பிரிஸ்கா கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இருக்கு, இருக்கு" என்று குதித்தாள்.

வியூலா பிழைத்தான். கொஞ்ச நாளில் விலா வலிக்கிறது என்று சிணுங்கிக்கொண்டே வராந்தாவில் ஓடினான். வார்டே கொண்டாடியது. சிஸ்டர் மட்டும் டீ அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இவன் பொழைச்சிட்டானே" என்றார் என்னிடம். நல்ல செய்தி சொல்லும் குரல் இல்லை அது.

ஊரிலிருந்து திரும்பிய வெஸி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அது வேறு நோய், இது வேறு, ஆசியாத்துவுக்கு ரத்தம் இல்லை, இவனுக்கு இருந்தது, ஒப்பிடவே கூடாது. சிஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு, "அபிட்டி ஜஃபாலியைப் பார்க்கப் போறேன்" என்றார்.

"வேண்டாம் சிஸ்டர். அந்தம்மாவுக்கு இருக்கிறது அந்த ஒரு ஆறுதல்தான்."

"என்மேல அவ நல்ல பேர் வெச்சுக்கிட்டுத் திரியறா. அது எனக்குச் சேர வேண்டியது இல்லப்பா."

விடுமுறை நாளில் நானும் கூடப் போனேன். அபிட்டி ஜஃபாலி கரையில் மூங்கில் தட்டியில் மீனைப் பரப்பிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, பாய் விரிக்க ஓடினாள். சிஸ்டர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"உங்க புள்ளையை நான் மெதுவா அழுத்தினது தப்பும்மா. பலமா அழுத்தியிருக்கணும். அந்த டாக்டர் செஞ்சதுதான் சரி. எனக்குப் பயம். அந்தக் கருவி சொல்லிச்சு, நான் கேட்கல."

அபிட்டி ஜஃபாலி கையிலிருந்த பாயைச் சுருட்டினாள்.

"பலமா அழுத்தியிருந்தா என் ஆசியாத்து இருந்திருப்பாளா?"

"தெரியாதும்மா. இருந்திருக்கலாம்."

மீன் மேல் ஈ மொய்த்தது, அவள் விரட்டவில்லை.

"அப்போ ஏன் வந்து சொன்னீங்க?" என்றாள் கடைசியில். "நான் தூங்க ஆரம்பிச்சிருந்தேன் சிஸ்டர். உங்க பாரத்தை இறக்கிவைக்க என் வீடுதான் கெடச்சுதா? போங்க. போயிடுங்க."

மினிபஸ்ஸில் திரும்பி வரும்போது, "நாம வந்திருக்கக் கூடாதோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"அவ சொன்னது நியாயம்" என்றார் சிஸ்டர். "ஆனா சொல்லாம இருந்திருந்தா அதுவும் தப்புதான். ரெண்டுமே தப்பா இருக்கிற இடத்துல என்ன செய்யறது, எலுபே?"

அடுத்த மழைக்காலத்தில் அபிட்டி ஜஃபாலி, இடையில் பிறந்த தன் கைக்குழந்தையைக் காய்ச்சலோடு கொண்டுவந்தாள். பெரிய சிஸ்டரைத் தாண்டி நேரே என் மேஜைக்கு வந்து, "நீங்க பாருங்க" என்றாள். பார்த்தேன். சாதாரணக் காய்ச்சல்தான், மருந்து கொடுத்து அனுப்பினேன். அவர்கள் கிளம்பும் வரை நம்பெவே சிஸ்டர் மருந்து அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு வந்து, "புள்ளைக்கு என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"சாதாரணக் காய்ச்சல்தான், சிஸ்டர்."

தலையை ஆட்டிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.