சேற்றுக்கு அப்பால் ஒரு பாட்டு

கேரள எல்லையோரக் காரோடு ஊரில் மீன்பிடிக் குடும்பத்துப் பெண் ஜெஸ்னா. நிலவியல் படித்துவிட்டு, மேகாலயாவில் சுண்ணாம்புப் பாறைக் குகைகளை அளந்து வரைபடம் போடும் குழுவில் சேர்ந்தாள். அண்ணன் நிஜினையும் கூட்டிப் போயே ஆகவேண்டும் என்று அம்மா ப்ளோரன்ஸ் ஒரே பிடியாக நின்றாள். நடுக்கடலில் வள்ளத்துக்குள் குறட்டை விட்டுத் தூங்குகிறவன் நிஜின். ஆனால் தலைக்கு மேல் பாறை என்று நினைத்தாலே அவனுக்கு வியர்த்தது.

“பயம் ஒண்ணும் இல்ல. காத்து இல்லாத எடம் பிடிக்காது, அவ்வளவேயாக்கும்,” என்றான் ரயிலில்.

ஒரே மலையின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய குகைகள். உள்ளே அவை சேர்கின்றனவா என்று பார்க்க, குழு இரண்டாகப் பிரிந்தது. வாய் அகலமாக இருந்த குகையை நிஜின் தேர்ந்துகொண்டான். ஜெஸ்னா மறுபக்கம் போனாள்.

பாதை குறுகிக் குறுகி, கடைசியில் அவள் குளிர்ந்த ஓடையில் வயிறு நனையத் தவழவேண்டியதாயிற்று. எதிரே சேறு அடைத்திருந்தது. பின்னால் வந்தவர்கள் திரும்பிவிடலாம் என்றார்கள். அப்போது சேற்றின் உச்சியிலிருந்து மெல்லிய காற்று அவள் கன்னத்தில் பட்டது. காதை வைத்துக் கேட்டாள். தூரத்தில் யாரோ சுருதி தப்பி மாதா பாட்டுப் பாடினார்கள். பயம் வந்தால் அண்ணன் பாடுவான்.

“அண்ணா, அது நீயா?”

பாட்டு நின்றது. “எலே, ஆராக்கும் அது?”

“ஜெஸ்னா ஆக்கும். சேத்துக்கு இந்தப் பக்கம் கெடக்கேன்.”

“உனக்க குகை மலைக்கு அந்தப் பக்கம் அல்லவா, மக்கா?”

“ரெண்டும் ஒண்ணுதான். நீ தோண்டு.”

இரண்டு பக்கமும் கையாலேயே தோண்டினார்கள். வெகுநேரம் கழித்து ஐந்து விரல்கள் சேற்றைத் துளைத்து வந்தன. ஜெஸ்னா அவற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் போட்ட கூச்சல் குகை முழுக்க உருண்டது.

அகலமான வழியே திரும்பிப் போகலாம் என்றார்கள் நிஜினுடன் வந்தவர்கள். அவன் கேட்காமல் துளைக்குள் தலையை விட்டான். தோள் சிக்கியது. ஜெஸ்னா இழுத்த இழுப்பில் ஆள் இந்தப் பக்கம் வந்தான், ஒரு பூட்ஸ் அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

சாயங்காலம் முகாமில் சூடான சோற்றைப் பிசைந்தபடி, ஜீப் டிரைவர்களிடம் பாதி மலையாளமும் பாதி இந்தியுமாக அவன் கதை சொன்னான். ஒவ்வொரு தடவையும் துளை இன்னும் சின்னதாகியது. ஜெஸ்னா திருத்தவில்லை. அவளுக்கு நல்ல பசி.