முப்பத்துநாலு அடி ஆழத்தில் மூச்சு

பாஸ் என்கிற ஏரிமீனைப் பிடிக்கிறவனிடம் அவன் சம்பளத்தைக் கேட்கலாம், எத்தனை விவாகரத்து ஆயிற்று என்று கேட்கலாம். முகம் சுளிக்காமல் சொல்லுவான். மீன் எங்கே கடித்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் பொய் சொல்லுவான். பாதிரியார் கேட்டாலும் பொய்தான். டக்கர் ஷோல்ஸ் அணை ஏரியில் அதை யாரும் பொய் என்றே நினைப்பதில்லை, பல் தேய்ப்பது மாதிரி அது ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பது வெர்லீன் டாக்கெட்டுக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

வெர்லீனுக்கு ஐம்பத்தாறு வயது. படகுத்துறையில் தூண்டில் சாமான் கடையில் வேலை. வியாழக்கிழமைதோறும் படகில் போய், நீளமான கம்பியின் நுனியில் கட்டிய மீட்டரைத் தண்ணீருக்குள் இறக்குவாள். அடிக்கு அடி எவ்வளவு சூடு, எவ்வளவு பிராணவாயு என்று பார்த்து, கடை வாசலில் கரும்பலகையில் எழுதிப் போடுவாள். கோடைக்காலத்தில் ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்து கிடக்கும். மேலே வெதுவெதுப்பான தண்ணீர், கீழே சில்லென்ற தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் எல்லோரும் கோடு என்பார்கள். கோட்டுக்குக் கீழே தண்ணீரில் மூச்சு கிடையாது. எந்த மீனும் அங்கே போகாது.

"கோடு எங்க நிக்குது, வெர்லீன்?" என்று காலையில் யாராவது கேட்பான்.

"இருபது அடியில. மேல கெடக்குற மீனையே உன்னால புடிக்க முடியல, உனக்கு எதுக்குய்யா அந்தக் கணக்கு?" என்பாள். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். வீட்டுக்குப் போனதும் அந்தச் சிரிப்பு போய்விடும்.

அவள் புருஷன் ராய்ஸ், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆகஸ்ட் பதினாலாம் தேதி, இந்த ஏரியில் விழுந்தவன் எழவில்லை. மீன்பிடிச் சங்கத்தின் பெரிய போட்டிக்கு இரண்டு நாள் இருந்தது. சித்தப்பா மகன் டூயி ஸ்டாம்பரோடு ஒத்திகைக்குப் போயிருந்தான். ஏரியில் வந்து கலக்கிற பிளாக்கம் ஓடையில், படகிலிருந்து குனிந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான் என்று டூயி சொன்னான். தானும் குதித்து இரண்டு முறை முங்கிப் பார்த்ததாகச் சொன்னான். அவன் சட்டை நனைந்துதான் இருந்தது. மீட்புக் குழு பத்தொன்பது நாள் பிளாக்கம் ஓடையைச் சல்லடை போட்டுச் சலித்தது. ஒரு செருப்புகூட அகப்படவில்லை.

தேவாலயத்துக்குப் பின்னால் கல்லறைக் கல் நட்டாயிற்று. பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, கீழே ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் திரும்பாமலே காருக்குப் போய்விடுவாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவனைக் கொண்டுவந்து அந்தக் கல்லுக்குக் கீழே படுக்கவைக்க வேண்டும். ஷெரிஃபிடம் எத்தனையோ தடவை போனாள். "புதுசா ஒரு இடம் சொல்லுங்கம்மா, நாளைக்கே ஆள எறக்குறேன்," என்றார் அவர். இடம்தான் அவளிடம் இல்லை.

இதற்கு நடுவில் அந்தப் பம்பு வேறு.

அன்றைக்கு அவர்கள் போன ராய்ஸின் படகு கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. பாஸ் படகில் பிடித்த மீனை உயிரோடு வைக்க ஒரு தொட்டி இருக்கும், தொட்டித் தண்ணீருக்குக் காற்றூட்ட ஒரு சின்னப் பம்பு இருக்கும். போட்டியின் எடை மேடைக்குச் செத்த மீன் வந்தால் எடையில் பிடித்தம் உண்டு. அதனால் வெயில் ஏறிய பிறகு, மூன்று மணி எடைக்குத் திரும்புமுன், இரண்டே முக்காலுக்கு ராய்ஸ் அந்தப் பம்பைப் போடுவான். ஒரு நாள் தவறாது. அவன் போன பிறகும் அது தவறவில்லை. பட்டப்பகலில், இரண்டே முக்காலுக்கு, கொட்டகைக்குள் அது ரீங்காரமிடும். மூன்று நிமிஷம் ஓடி நிற்கும். படகில் பேட்டரியே கிடையாது. அதை டூயிதான் முதல் வாரத்திலேயே கழற்றி வெளியே வைத்தான். வெர்லீன் அடுப்படியில் சோளரொட்டி மாவோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். போய்ப் பார்க்கவும் பயமாக இருந்தது. நின்றுவிடுமோ என்றும் பயமாக இருந்தது.

இந்த ஆகஸ்ட் பதினாலாம் தேதி அது நிற்கவில்லை. மூன்று நிமிஷம் போயிற்று, பத்து நிமிஷம் போயிற்று, ஓடிக்கொண்டே இருந்தது. இருபதாவது நிமிஷம் வெர்லீன் கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தாள். தொட்டி மூடியைத் தூக்கினதும் சத்தம் அறுந்தது. உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்று வருஷமாகக் காய்ந்து கிடந்தது. தொட்டியை ஒட்டிய சாமான் பெட்டியின் மூடியையும் தூக்கினாள். கயிற்றுச் சுருளுக்கு நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, குழந்தைக்குக் கூழ் விற்கிற குப்பி, நிறையத் தண்ணீரோடு இருந்தது.

அது ராய்ஸின் கிறுக்கு. ஐந்து பவுண்டுக்கு மேல் மீன் மாட்டினால் அந்த இடத்துத் தண்ணீரில் ஒரு குப்பி பிடித்து வைப்பான். எந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், எதில் புளிப்பு அதிகம், எது எப்போது பெரிய மீனை இழுக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய்வான். அலமாரியில் நூற்றுச்சொச்சம் குப்பி. மூடியில் தேதியும் எடையும் எழுதுவான். இடத்தின் பெயரை வீட்டுக்கு வந்துதான் எழுதுவான். துறையில் எவன் கண்ணாவது பட்டுவிட்டால் என்ன செய்வது? இந்த மூடியில் 'ஆகஸ்ட் 14, ஆறே கால் பவுண்டு' என்று இருந்தது. இடம் இல்லை.

வெர்லீன் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாள். பிளாக்கம் ஓடைத் தண்ணீர் சதுப்பிலிருந்து வருவது, தேநீர் நிறம். இது பளிங்காக இருந்தது. வண்டல் படிந்து தெளிந்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனசு ஒப்பவில்லை. அலமாரியிலிருந்து பழைய பிளாக்கம் குப்பி ஒன்றை எடுத்து, இரண்டிலிருந்தும் தம்ளரில் கொஞ்சம் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டிரண்டு சொட்டு விட்டுக் கலக்கினாள். பிளாக்கம் தண்ணீர் தம்ளர் விளிம்பு வரை நுரைத்தது. மற்றது நுரைக்கவே இல்லை. தயிர் திரிந்த மாதிரி மேலே ஏடு கட்டியது.

சுண்ணாம்புத் தண்ணீர். அந்த ஏரியில் அப்படிப்பட்ட தண்ணீர் ஒரே இடத்தில்தான் உண்டு. அணை கட்டினபோது முழுகிப்போன கல்குவாரி.

பத்தொன்பது நாளும் வேறெங்கோதான் தேடியிருக்கிறார்கள். குப்பியின் மூடியை இறுக்கித் திருகினாள்.

மறுநாள் சனிக்கிழமை, சங்கத்தின் பெரிய போட்டி. டூயி மூன்றாவது வருஷமாக ஜெயித்தான். எடை போட்ட மீன்களைத் திரும்ப ஏரியில் விடுவது வெர்லீனின் வேலை. டூயியின் மீனைக் கையில் வாங்கினாள். சில்லென்று இருந்தது, வயிறு உப்பியிருந்தது. ஆழத்திலிருந்து சட்டென்று மேலே இழுத்த மீனுக்குத்தான் அப்படி உப்பும்.

"எங்கடா புடிச்ச?" என்று யாரோ கேட்டார்கள்.

"கரையோரப் புல்லுல. நாலடித் தண்ணி," என்றான் டூயி. எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்தது. டூயி தன் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். வெர்லீன் அவன் முன்னால் குப்பியை வைத்தாள்.

"என்ன வெர்லீன், பரிசா?"

"மூடியப் படி."

படித்தான். குழாயிலிருந்து தண்ணீர் அவன் செருப்பின்மேல் கொட்டிக்கொண்டே இருந்தது.

"சோப்பு போட்டுப் பாத்தேன், நுரைக்கல. பிளாக்கம் தண்ணியா இது?"

டூயி குழாயை மூடினான்.

"பத்தொம்போது நாளு, டூயி. நீயும் அவங்களோட ஓடையில கம்பு போட்டுத் தேடுன. உனக்கு நான் சாண்ட்விச் கட்டிக் குடுத்தேன்."

அவன் படகு விளிம்பில் உட்கார்ந்தான். "அன்னிக்கு துறைக்கு வந்ததும், எங்கன்னு கேட்டாங்க. வாயில பிளாக்கம்னு வந்துருச்சு, வெர்லீன். யோசிக்கவே இல்ல. எங்கன்னு கேட்டா வேற எதுவும் வாயில வராது எனக்கு."

"அடுத்த நிமிஷம் மாத்திச் சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கலாம்." முகத்தைத் துடைத்தான். "ரெண்டு நாள்ல போட்டி. அந்த எடத்த நானும் அவனும் ரெண்டு வருஷம் தேடிக் கண்டுபுடிச்சது. ஆளு எப்படியும் போயிட்டான், போட்டி முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். முடிஞ்சப்போ ஊரே ஓடையில நின்னுச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

வெர்லீனுக்கு அவன் கழுத்தைப் பிடித்துத் தண்ணீரில் அமுக்க வேண்டும்போல இருந்தது. "படக எறக்கு," என்றாள்.

 குவாரியில், முழுகிக் கிடந்த பாறை விளிம்புக்கு மேலே டூயி மோட்டாரை நிறுத்தினான். அவள் கேட்காமலே அவன் வாய் திறந்தது.

"அடுத்த வருஷம் மன்னிப்புக் கேக்கத்தான் இங்க வந்தேன். சத்தியமா. தூண்டில் கையில இருந்துச்சு, சும்மா விட்டேன். கோட்டுக்குக் கீழ, முப்பத்துநாலு அடியில அடிச்சுது. அங்க மீனு இருக்காது, உனக்கே தெரியும். ஆனா இருந்துச்சு. ஒவ்வொரு தடவயும், இந்த ஒரு எடத்துல மட்டும். அவன் என்னை மன்னிச்சுட்டான், மீனு குடுக்குறான்னு நெனச்சுக்கிட்டேன்."

வெர்லீன் மீட்டரை இறக்கினாள். இருபது அடியில் கோடு. இருபத்திரண்டில் பிராணவாயு பூஜ்யம். முப்பதில் பூஜ்யம். முப்பத்துநாலில் முள் துடித்து எழுந்து ஏழில் நின்றது. ஏழு என்பது வசந்தகாலத்து ஓடைத் தண்ணீரில் இருக்கிற அளவு. படகைப் பத்தடி தள்ளச் சொன்னாள், அங்கே பூஜ்யம். திரும்ப வரச் சொன்னாள், ஏழு. கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்களில் லேசாக ஒரு அதிர்வு தெரிந்தது. மூன்று வருஷமாக அடுப்படியில் நின்று கேட்ட அதே ரீங்காரம். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மூன்று மணி எப்போதோ தாண்டியிருந்தது.

மிதவையைக் கட்டி அந்த இடத்தில் போட்டாள். டூயியே ஷெரிஃபுக்குப் போன் செய்தான். எங்கே என்று அவர் கேட்டபோது உண்மையைச் சொன்னான்.

திங்கட்கிழமை முக்குளிப்பவர்கள் ராய்ஸைக் கொண்டுவந்தார்கள். சில்லிட்ட, காற்றில்லாத தண்ணீர் அவனை அதிகம் கெடுக்கவில்லை. பாறை விளிம்பில் முதுகைச் சாய்த்து, முகத்தை மேலே தூக்கி உட்கார்ந்திருந்தான் என்று சொன்னார்கள். வெர்லீன் அவன் தலைமுடியைத் தொட்டாள். சத்தம் போட்டு அழுதாள்; மூன்று வருஷத்தில் முதல் முறையாக.

எல்லோரும் போன பிறகு டூயியைப் படகோட்டச் சொல்லி மிதவைக்குத் திரும்பினாள். மீட்டரை முப்பத்துநாலுக்கு இறக்கினாள். முள் அசையவில்லை. பூஜ்யம். பாறையடியில் ஊற்று ஏதாவது இருந்திருக்கும் என்று பிற்பாடு கடையில் விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். இருந்திருந்தால் திங்கட்கிழமை எங்கே போயிற்று என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

டூயி மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் உனக்கு மீன் குடுக்கல, டூயி," என்றாள் வெர்லீன், கம்பியைச் சுற்றிக்கொண்டே. "மூணு வருஷமா ஆளக் கூப்புட்டுருக்கான். நீ தூண்டிலப் போட்டுருக்க."