ஆமோஸ் கிரீலின் முப்பத்தோரு பற்கள்

ஒருவன் வாயைத் திறந்து காட்டினால் போதும், அவன் வரலாற்றையே சொல்லிவிடுவாள் லவீனா டாப்ஸ். பிரையர் ஃபோர்க் ஊரின் ஒரே பல் மருத்துவமனையில் முப்பத்தாறு வருடம் ஊத்தை சுரண்டியவள். மேல் வரிசையைப் பார்த்தால் காப்பிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று சொல்வாள். கீழ் வரிசையைப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனானா, மீன் பிடிக்கப் போனானா என்றுகூடச் சொல்வாள் என்று ஊரில் பேச்சு. எந்த வாயைக் கண்டும் அவள் முகம் சுளித்ததில்லை, ஒரே ஒரு வாயைத் தவிர. புகையிலை மெல்லும் வாய். அதைக் கண்டால் மட்டும் அவளுக்குக் குடல் தொண்டைவரை ஏறி வந்து நிற்கும்.

அதற்குக் காரணம் அப்பா.

வெர்ஜில் டாப்ஸ் விழித்திருந்த நேரமெல்லாம் மென்றவர். அவருடைய சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில், எச்சில் துப்ப ஒரு பித்தளைப் படிக்கம். சனிக்கிழமைதோறும் அதைக் கழுவும் பாக்கியம் லவீனாவுக்கு. உள்ளே இருப்பது திரவமா, திடமா என்பதை அறிவியல் இன்றுவரை முடிவு செய்யவில்லை. கவிழ்த்தால் உடனே விழாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, மொத்தமாக வழுக்கிக்கொண்டு, 'ப்ளக்' என்று விழும். விழுந்த இடத்தில் ஏழு வருடம் புல் முளைக்கவில்லை. கோழிகள் சுற்றிப் போகும்.

போதாதற்கு அப்பாவின் இடது கண் கண்ணாடியால் ஆனது. தூங்கப் போகும்போது அதைக் கழற்றி ஒரு காப்பிக் கோப்பையில் போடுவார். விடிகாலையில் யாராவது தூக்கக் கலக்கத்தில் அந்தக் கோப்பையிலேயே காப்பியை ஊற்றிவிட்டால், கடைசி மடக்கில் அடியிலிருந்து அப்பா பார்ப்பார்.

அந்தக் கண்ணைப் பறித்தவன் ஆமோஸ் கிரீல்.

பேஸ்பால் உலகுக்கு அவன் பெரிய ஆள். பெரிய நகரங்களின் அணிகளுக்காகப் பந்தெறிந்து இருநூற்றுச் சொச்சம் ஆட்டங்களை ஜெயித்தவன். அதற்கெல்லாம் முன்னால், 1911 செப்டம்பரில், அவன் பிரையர் ஃபோர்க் அணிக்கு எறிந்துகொண்டிருந்தான். அப்பா பக்கத்து ஊர் மில்லார்ட் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்த நேரம். கிரீல் எறிந்தது எச்சில் பந்து. ஈரத்தில் வழுக்கி, எந்தப் பக்கம் திரும்பும் என்று எறிந்தவனுக்கே தெரியாத பந்து. அது, மட்டையோடு நின்ற அப்பாவின் கண்ணுக்கு நேராக வந்தது.

"வெள்ளைப் பந்தா இருந்தா நான் விலகியிருக்க மாட்டேனா? கறுப்பும்மா, காக்கா மாதிரி கறுப்பு! கிரீல் நாய் புகையிலைச் சாற்றைத் துப்பித் துப்பி அதைக் கறுப்பாக்கி வச்சிருந்தான்" என்று ஞாயிறுதோறும் அப்பா சொல்வார். சொல்லி முடித்ததும் படிக்கத்தில் துப்புவார்.

பிற்பாடு அப்பாவுக்கு வேலை கிடைத்ததோ பிரையர் ஃபோர்க் செங்கல் சூளையில். வீடு கிடைத்ததோ கிரீல் பெயரைச் சூட்டிய மைதானத்துக்கு எதிரில். சாகும்வரை தினம் இரண்டு வேளை மைதானத்து வேலியோரம் நடந்துபோய்த் துப்பிவிட்டு வருவார். அவர் போய்ப் பதினைந்து வருடம் ஆகியும் அந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டவில்லை.

ஆகவே, 1981 கோடையில் வெளியூர்ப் பத்திரிகை ஒன்று, 'ஆட்டத்தை அசிங்கப்படுத்திய மிருகத்தின் பெயரை இண்டியானாவில் ஒரு மைதானம் இன்னும் சுமக்கிறது' என்று எழுதியதும், ஊர் மன்றம் மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்ததும், அதில் கண்ணிழந்தவரின் மகள் என்று தன்னையும் சேர்த்ததும், எல்லாம் லவீனாவுக்குத் தேனாக இனித்தன. அப்பாவுக்காக அவள் செய்யவேண்டியது ஒன்றுதான். அந்தப் பெயர்ப்பலகை இறங்கவேண்டும்.

குழுவின் தலைவர் இரும்புக் கடை மெர்ல் ஹாட்ச்கிஸ். அவளோடு பள்ளியில் படித்தவன். கன்னத்துக்குள் எப்போதும் வாத்து முட்டை அளவில் புகையிலை. கையில் காகிதக் கோப்பை. பேசும்போது அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதற்குள் துப்புவான். மூன்றாவது ஆள் நூலகத்துப் பெண் நெட்டி.

"இங்க பாரு லவீனா," என்றான் மெர்ல், முதல் கூட்டத்தில். "கிரீல் கெட்டவன்தான், இல்லேங்கல. நடுவர் காதைக் கடிச்சான். பாராட்டு விழான்னு கூப்பிட்டா, மேடையேறி ஒருத்தர் விடாமத் திட்டிட்டு, கேக்கை முழுசா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனான். ஆனா என்ன இருந்தாலும், நம்ம ஊர்க் கெட்டவன்."

"துப்பாமப் பேசுடா."

"துப்பாட்டி எப்படிப் பேசுறது?"

"அப்போ பேசாத. எங்கப்பா கண்ணைத் தோண்டினவன் பேரை நான் தினம் ஜன்னல் வழியாப் பார்க்கணுமா? இறக்கு அந்தப் பலகையை."

"இருக்கட்டும்கிறது என் ஓட்டு. எறக்குங்கிறது உன் ஓட்டு. நெட்டி, நீ?"

நெட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணே, எனக்கு ஆதாரம் வேணும். கிரீலோட சாமான் ஒரு பெட்டி நிறைய நூலகத்துல கெடக்கு. அந்த மேட்ச்சுப் பந்துகூடக் கண்ணாடிப் பெட்டியில இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அவரு பல்லும் இருக்கு."

"என்னது?"

"வயசாகி எல்லாப் பல்லையும் பிடுங்கினாராம். தூக்கிப் போட மனசில்லாம ஜாடியில போட்டு நூலகத்துக்குக் குடுத்திருக்காரு. யாரும் திறந்ததில்ல. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

லவீனாவுக்கு மனம் துள்ளியது. புகையிலை மென்ற பல் பொய் சொல்லாது. ஈறோரம் பழுப்புப் பட்டை, ஒரே பக்கமாகத் தேய்மானம், ஆயுளுக்கும் அழியாது. இனி அப்பாவின் வார்த்தைக்கு அந்த நாயின் பல்லே சாட்சி.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூவரும் நூலக மேசையைச் சுற்றி நின்றார்கள். ஊறுகாய் ஜாடி. மேலே கிரீலின் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'என் பற்கள். முப்பத்தொன்று. மீதி ஒன்றை நடுவரிடம் கேட்கவும்.'

கையுறை மாட்டிக்கொண்டு லவீனா மூடியைத் திருகினாள். உள்ளிருந்து வந்த வாடையில் மேசைமேல் கிடந்த ஈ ஒன்று எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டது. நெட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு அகராதிகள் இருந்த அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினாள். மெர்ல்கூடத் துப்ப மறந்தான்.

ஒவ்வொன்றாக எடுத்து, தன் பழைய பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். சொத்தை, விரிசல், முப்பது வருடம் பிரஷ்ஷையே காணாத பாறை ஊத்தை. கேவலமான பற்கள், அவள் வாழ்நாளில் பார்த்தவற்றிலேயே கடைசி இடம். ஐந்து, பத்து, இருபது. முப்பத்தொன்றாவது பல்லைக் கீழே வைத்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

"இவன் புகையிலையே போட்டதில்ல" என்றாள்.

"சும்மா இரு."

"மனுஷன் பொய் சொன்னாலும் பல்லு சொல்லாதுடா. ஒரு பல்லுல, ஒரே ஒரு கோடு? கிடையாது. பன்னி மாதிரி வாய்தான். ஆனா புகையிலை படாத வாய்."

நெட்டி பெட்டியைத் துழாவி ஒரு தகர டப்பாவை எடுத்தாள். உள்ளே கடித்து மென்ற மரப்பட்டைத் துண்டுகள். மெர்ல் எட்டிப் பார்த்தான்.

"அட, எல்ம் பட்டை! எங்கப்பா சொல்லுவாரு. இதை வாயில அடக்கிக்கிட்டா எச்சில் விளக்கெண்ணெய் மாதிரி ஊறும். அதைத்தான் கிரீல் பந்துல தடவினது."

"என்ன நிறம்?"

"எச்சிலுக்கு ஏது நிறம்? தண்ணி மாதிரிதான்."

லவீனா கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். உள்ளே அந்தப் பந்து, கரியில் புரட்டி எடுத்த உருளைக்கிழங்குபோலக் கிடந்தது. நெட்டி திறந்து கொடுத்தாள். மூக்கருகில் கொண்டுபோனதும் எழுபது வருடம் கழித்தும் அந்த வாடை அறைந்தது. புகையிலை. அதில் ஊறிய வெல்லப்பாகு. சனிக்கிழமைக் காலை. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ இதைக் கறுப்பாக்கினது யாரு?"

"எல்லாரும்தான்!" என்றான் மெர்ல், மழை பெய்தால் தரை நனையும் என்பதுபோல. "எங்கப்பா அன்னைக்கு கிரீலுக்கு எதிரே குந்திப் பந்து பிடிச்சவரு. அந்தக் காலத்துல மேட்ச் முழுக்க ஒரே பந்து. புதுசுன்னா வெள்ளையா மின்னும், அடிக்கிறவனுக்குச் சுலபம். அதனால பந்து கைக்கு வந்ததும் ஆளாளுக்குத் துப்பி, மண்ணுல தேய்ச்சு, அடுத்தவன்கிட்ட குடுக்கணும். துப்பாதவனை ஆட்டத்துலயே சேர்க்க மாட்டானுங்க."

"உங்க ஊரு ஆளுங்க எல்லாரும்."

"ரெண்டு ஊரும். ஒரே பந்துதானே? இவங்க எறியும்போது இவங்க துப்புவாங்க. அவங்க எறியும்போது அவங்க..."

மெர்ல் பாதியில் நிறுத்தினான். லவீனாவின் பார்வை எங்கோ போயிருந்தது.

வீட்டுக்கு நடந்தாள் என்று சொல்ல முடியாது; வீடு அவளை இழுத்தது. கூடத்துச் சுவரில் அறுபது வருடமாக ஒரு புகைப்படம். மில்லார்ட் அணி, 1911 செப்டம்பர் 9, கண் போன அதே ஆட்டம் தொடங்கும் முன்பு. நடுவில் அப்பா, இருபத்திரண்டு வயது, இரண்டு கண்ணும் முழுசாக. இரு கையாலும் பந்தை உதட்டருகே பிடித்திருக்கிறார். சுற்றிலும் தோழர்கள் சிரிக்கிறார்கள். 'அப்பா பந்துக்கு முத்தம் குடுக்குறாரு பாரு' என்று அம்மா சொல்லித்தான் அவள் வளர்ந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் அவளும் அப்படியே காட்டியிருக்கிறாள்; ஒரு பாதிரியார் கண்கலங்கியும் இருக்கிறார்.

படத்தைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, அதே பூதக்கண்ணாடியை வைத்தாள்.

இடது கன்னம் கோழிமுட்டையாகப் புடைத்திருந்தது. பந்தின் ஒரு பாதி வெள்ளை. உதட்டுப் பக்கத்துப் பாதி கறுப்பு. அப்பாவின் கீழுதட்டிலிருந்து பந்துக்கு, தடிமனாக, பளபளவென்று, ஒரு இழை தொங்கியது.

அவள் கழுவறைக்கு ஓடினாள். காலையில் தின்ற சோள ரொட்டி, முந்தின நாள் வறுத்த பன்றி இறைச்சி, சின்ன வயதில் கழுவிய படிக்கம் அத்தனையும் வெளியே வந்ததுபோல் இருந்தது. பிறகு தரையிலேயே உட்கார்ந்து யோசித்தாள்.

இந்தப் படம் வேறு யாரிடமும் இல்லை. வாயை மூடிக்கொண்டால் போதும். பல்லைப் பற்றி நெட்டி சொன்னாலும், கிரீலின் கோணல் குணமே அவள் ஓட்டைப் பெற்றுத் தந்துவிடும். பலகை இறங்கும். அப்பா அப்பாவாகவே இருப்பார்.

திங்கட்கிழமை மதியம் குழு கூடியது. லவீனா வந்தபோது ஒரு கையில் படம். மறு கையில் படிக்கம். அப்பா போனதிலிருந்து அதில் ஜெரேனியம் செடி வளர்த்திருந்தாள். இப்போது செடி இல்லை.

"என்ன இது?" என்றான் மெர்ல்.

"எங்கப்பா." படத்தை மேசைமேல் வைத்தாள். பூதக்கண்ணாடியை நீட்டினாள். "உதட்டைப் பாரு."

மெர்ல் பார்த்தான். நெட்டி பார்த்தாள். நெட்டி, "ஐயோ, சீ!" என்று சொல்லிவிட்டு, "மன்னிச்சிடுங்க அக்கா" என்றாள்.

"சீன்னு சொல்லு, பரவாயில்ல. நானும் அதைத்தான் சொன்னேன்." லவீனா படிக்கத்தையும் மேசைமேல் வைத்தாள். "தன் கண்ணுக்கு வந்த பந்தைத் தானே கறுப்பாக்கிட்டு, அம்பது வருஷம் பழியை அடுத்தவன் தலையில போட்டுக்கிட்டுத் துப்பினாரு. நான் அதைக் கழுவினேன். கிரீல் நாறின மனுஷன், அதுல சந்தேகமே இல்ல. அந்த ஜாடியைத் திறந்த கை இது. ஆனா இந்த நாத்தம் அவனோடது மட்டும் இல்ல."

"அப்போ உன் ஓட்டு?" என்றான் மெர்ல் மெதுவாக.

"பலகை இருக்கட்டும். ஆனா அடியில நான் சொல்றதை எழுதணும்."

இரண்டு வாரத்தில் பலகைக்குக் கீழே புதிய பலகை ஏறியது. அதில் இருந்தது இவ்வளவுதான்:

'ஆமோஸ் கிரீல். மோசமான மனிதர், நடுவரின் காதுக்கு இவரே பொறுப்பு. 1911இல் வெர்ஜில் டாப்ஸின் கண்ணைப் பறித்த பந்தை எறிந்தவர் இவர். அதைக் கறுப்பாக்கியவர்கள் இரண்டு ஊராரும், வெர்ஜில் டாப்ஸும்.'

ஊர் திரண்டு வந்து படித்தது. யாரும் கை தட்டவில்லை. யாரும் கலைந்து போகவும் இல்லை. பாதிப் பேரின் தாத்தாக்கள் அன்று களத்தில் இருந்தவர்கள்.

மெர்ல் தொப்பியைக் கழற்றினான். "நல்ல காரியம் பண்ணினே லவீனா. உங்கப்பா இருந்திருந்தா..." வாயில் சாறு நிறைந்துவிட்டது. கையில் காகிதக் கோப்பை இல்லை. பழக்கதோஷத்தில் வேலிப்பக்கம் திரும்பி, பெயிண்ட் ஒட்டாத அந்த இடத்தைப் பார்த்துக் கன்னத்தை உப்பினான்.

லவீனா அவன் தாடையைப் பிடித்தாள். முப்பத்தாறு வருடம் தாடைகளைப் பிடித்த பிடி, குதிரைகூட அசையாது.

"மெர்ல்," என்றாள். "முழுங்கு."

மெர்ல் முழுங்கினான். அன்று அவன் முகத்தில் ஏறிய பச்சை நிறத்தைப் பார்த்துவிட்டு, மைதானத்துப் புல் வெட்கப்பட்டு மஞ்சளாகிப் போனது.