தட்டில் கிடந்த வாசர்

அது இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதன் கியர்பாக்ஸை நான் இறக்கிப் பிரித்து, சாமான் மாற்றி, மறுபடி ஏற்றி மூன்று நாள் ஆகிவிட்டது. என்ஜின் நின்றிருந்தால் எல்லா கியரும் நோகாமல் விழுகின்றன. என்ஜின் ஓடினால் முதல் கியரும் ரிவர்ஸும் கரகரவென்று கடிக்கின்றன. வண்டிக்காரம்மா பல் டாக்டர். பதினோரு மணிக்கு வருகிறார். நாளைக் காலை பழைய கார்களின் மலை ஓட்டத்தில் இதை ஓட்டப்போகிறார்.

என் கவலை அந்தச் சத்தம் மட்டுமில்லை. தட்டில் ஒரு வெண்கல வாசர், கியர்களுக்கு நடுவே போடும் வளையம், கிடந்தது.

கழற்றும் பழைய சாமான்களை வரிசை மாறாமல் கம்பியில் கோத்து ஆணியில் மாட்டுவது என் வழக்கம். வேலை முடிந்ததும் கம்பியோடு வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுவேன். இந்தத் தடவை கம்பியை என் மனைவியின் தம்பி உருவிவிட்டான். காருக்குப் புது விரிப்பு போட வந்தவன் அவன். சீட்டு ஸ்பிரிங்கைக் கட்டக் கம்பி வேண்டியிருந்ததாம். சாமான்கள் தட்டில் கொட்டிக் கிடந்தன. அந்த வாசர் கழற்றிய பழசா, போட மறந்த புதுசா? பழசு அதிகம் தேய்ந்திருக்கவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நகத்தால் சுரண்டினேன். பிடிபடவில்லை.

“கம்பிக்கு அவ்வளவு பஞ்சமாடா உனக்கு?”

“ஒரு முழம் கம்பி மாமா. அக்கா நகையைத் தூக்கிட்டுப் போன மாதிரி பேசுறீங்க.”

பட்டறை முதலாளி எட்டிப் பார்த்தார். “இன்னும் கடிக்குதா?”

“கடிக்குது.” வாசரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“பல் டாக்டர் வண்டி, பல்லைக் கடிக்காம என்ன செய்யும்,” என்றான் மச்சான்.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். உட்கார்ந்ததும் கிளட்சை மிதித்தார். மறுபடி மிதித்தார்.

“பெடல் முன்ன மாதிரி கீழ போகலையே. தலையணைய மிதிக்கிற மாதிரி இருக்கு.”

மண்டியிட்டுக் கையை விட்டுப் பார்த்தேன். புது விரிப்புக்கு அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச். பெடல் அதில் முட்டி நிற்கிறது, கிளட்ச் முழுக்க விடுபடவில்லை. என்ஜின் ஓடும்போது மட்டும் கடித்தால் முதலில் கிளட்சைப் பார்க்க வேண்டும் என்பது இருபது வருஷமாக எனக்குத் தெரியும். வாசர் என் கண்ணை மறைத்துவிட்டது.

மச்சான் கூரையைப் பார்த்தான். “சத்தம் வராம இருக்கட்டும்னு ரெண்டு மடிப்பா போட்டேன்.”

கத்தியால் அறுத்து எடுத்தேன். முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. ரிவர்ஸும் விழுந்தது.

“அவ்வளவுதான், கிளம்புங்கம்மா,” என்றார் முதலாளி, முகமெல்லாம் சிரிப்பாக.

என் கை பைக்குள்ளேயே இருந்தது. கார் நகரும் நேரத்தில் ஜன்னலைப் பிடித்துவிட்டேன்.

“கொஞ்சம் இருங்கம்மா.” வாசரைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

“சரியாயிடுச்சுல்ல, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரேன்யா,” என்று முதலாளி காதருகில் சீறினார்.

டாக்டர் வாசரை வாங்கிப் பார்த்தார். “இது உள்ள இல்லைன்னா?”

“இங்க ஒண்ணும் தெரியாது. மலையில இறங்கும்போது கியர் இறுகிக்கலாம்.”

“உள்ள இருக்கா?”

“தெரியலைம்மா. பிரிச்சாத்தான் தெரியும். சாயங்காலம் ஆயிடும்.”

அவர் என்ஜினை நிறுத்தினார். “பல்லைப் பிடுங்கிட்டு, சரியான பல்லைத்தான் பிடுங்கினேனான்னு தெரியலைன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. ரெண்டு பேர்கிட்ட சொல்லியிருக்கணும்.” இறங்கி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “பிரிங்க.”

முதலாளி துணியை வீசிவிட்டு அறைக்குள் போனார். மச்சான் கூப்பிடாமலே வண்டிக்கு அடியில் வந்து பிடித்தான். நான்கு மணிக்கு மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். விரலால் தடவியும் பார்த்தேன்.

புது வாசர் அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

“இருக்கு,” என்றேன்.

“அப்ப இவ்வளவு நேரம் சும்மாவா மாமா?”

டாக்டர் அவனைப் பார்த்தார். “மலையில நீயா இறங்கப்போற?”

மறுபடி மூடி ஏற்றி முடிக்கையில் வெளிச்சம் மங்கியிருந்தது. மச்சான் சீட்டுக்குக் கயிறு கட்டிவிட்டு, கம்பியை அவிழ்த்துக் கொடுத்தான். வரிசை போனாலும் எல்லாவற்றையும் கோத்தேன், கடைசியாக அந்த வாசரையும். டாக்டர் கம்பியைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினார். முதல் கியர், இரண்டு, தெருமுனையில் மூன்று. சத்தம் தேயும்வரை நின்றேன்.

“நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு,” என்றார் முதலாளி, என் முகத்தைப் பார்க்காமல்.

தலையாட்டினேன். கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் வாசரைத் தேடித் துழாவியது.