சொல்தாக்கள் சங்கத்துக்குத் தலைவரான கட்டி

கஸ்தோனின் தலையிலிருந்து எடுத்த கட்டி, 1978 ஏப்ரலில் மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றின் வராந்தாவில், பார்மலின் புட்டிக்குள் இருந்தபடியே பிரெஞ்சில் பேசியது. வெட்டி எடுத்ததைப் பரிசோதனைக் கூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது அந்தக் காலத்தில் நோயாளியின் வீட்டார் வேலை. ஆகவே புட்டி அவர் மனைவி மத்லேன் கையில் இருந்தது. "அத்தான்சியோன்!" என்றது, பார்த்து நட என்கிற அர்த்தத்தில். பிறகு வராந்தாவைப் பெருக்காததைக் கண்டித்தது. மத்லேன் திடுக்கிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவந்த குரல்தான்.

கஸ்தோன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன்வரை போய்வந்த சொல்தா. காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரியில் சித்திரை வெயிலிலும் கோட்டு மாட்டிக்கொண்டு மீன் வாங்கப் போகிறவர் அவர் ஒருவர்தான். மீன்காரியிடமும் பிரெஞ்சுதான். அவளோ ஒன்றும் புரியாமல், விற்காமல் கிடந்த மீனை அவர் தலையில் கட்டிவிடுவாள். காரைக்கால் சொல்தாக்கள் சங்கத்துக்கு அவரே தலைவர். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி விழாவில் அவர் பேசி முடிப்பதற்குள் கொடியே சோர்ந்து தொங்கிவிடும். மத்லேன் வைத்த எந்தக் குழம்பும் சைகோனில் சாப்பிட்டதுபோல் இருந்ததில்லை. 1976இல் தலைவலி வந்தது, பிறகு வலிப்பு, பிறகு பார்வை மங்கியது. கழுத்து ரத்தக்குழாயில் மருந்தேற்றிப் படமெடுத்த டாக்டர் திருஞானசம்பந்தம், நெற்றிக்குப் பின்னால், மூளையின் உறையில், எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டி பல வருஷமாக வளர்ந்து மூளையை அழுத்துகிறது என்றார். மண்டையோட்டில் ஜன்னல்போல் அறுத்துத் திறந்து, அதை முழுசாக எடுத்துவிட்டு, எலும்பைத் திரும்பப் பொருத்தித் தைத்தார்.

கஸ்தோன் கண்ணைத் திறந்து, "நீ சாப்புட்டியா?" என்று தமிழில் கேட்டார். மத்லேன் கட்டில் நம்பரை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கஸ்தோன் இறா உரித்தார், குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். பிரெஞ்சில் ஒரு சொல் மிச்சமில்லை. பரிசோதனை முடிந்து திரும்பி வந்த புட்டி அலமாரியில் இருந்தபடி காப்பியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது. ஜூலை நெருங்கவும் சங்கச் செயலாளர் ஆன்ரி, மெட்ராஸ் டாக்டரையே காரில் வைத்து அழைத்து வந்துவிட்டார்.

"மதாம், தலைவரு இறா உரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா ஊரு சிரிக்காதா? கட்டியத் திருப்பி வச்சுடலாங்கிறாரு டாக்டரு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

டாக்டர் மெய்யாகவே தயாராக இருந்தார். எடுத்த கட்டியைத் திருப்பி வைத்த சர்ஜன் உலகத்தில் இல்லை; போய்ப் பேச வியன்னாவில் ஒரு மாநாடும் இருந்தது.

"மறுபடி வலிப்பு வருங்களா?" என்று கேட்டாள் மத்லேன்.

"வரும். கண்ணும் போகலாம். ஆனா பிரெஞ்சு முழுசா வந்துரும்மா."

கையெழுத்துப் போடு என்று புட்டி உத்தரவிட்டது. மத்லேன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அவர் எழுந்துபோய்ப் புட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாருங்க இவரு? இந்தச் சத்தம் போடுறாரே. ஒடம்புக்கு முடியலையா?"

மத்லேன் பேனாவை மூடினாள். "ஒங்களுக்கு வேண்டியது தலைவருதானே, ஆன்ரி அண்ணே? அவரு புட்டிக்குள்ள இருக்காரு, தூக்கிட்டுப் போங்க. எம் புருஷன் இங்க இருக்கட்டும்."

ஆன்ரி யோசித்தார். தலைவருக்குக் கைகால் இருக்க வேண்டும் என்று சங்க விதிகளில் எங்கும் இல்லை. டாக்டர் இறா வறுவல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

அந்த ஜூலையிலிருந்து விழாவில் புட்டிதான் பேசியது. பார்மலின் மாற்றும் உரிமைக்காகச் சங்கம் இரண்டாக உடைந்து, சலித்துப்போய் மறுபடி ஒன்றானது. எண்பத்து மூன்றில் விழாவுக்கு வந்த பிரெஞ்சு அதிகாரி, இந்தக் கடற்கரையில் இவ்வளவு சுத்தமான பிரெஞ்சைக் கேட்டதில்லை என்று சொல்லி மெடல் கொடுத்தார். கண்ணாடியில் குத்த முடியாததால் மூடிமேல் கட்டியிருந்த துணியில் குத்தினார். கடைசி வரிசையிலிருந்து கஸ்தோனும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார்.

"பெரியவரு நல்லாத்தான் பேசுறாரு. அவருக்குப் பசிக்காதா?" என்று கேட்டார்.

மத்லேன் மேடைப்பக்கம் போய், பெரிய மனிதர்களுக்குப் போடுகிற கும்பிடு ஒன்றைப் புட்டிக்குப் போட்டாள். அது பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. அவளும் கஸ்தோனும் கோட்டுச்சேரி பஸ்ஸில் ஏறினார்கள். இடம் கிடைத்தது.